ஆறாவது விருப்பம்: இணைக்குரல்

பிப்ரவரி 6

அக்கா,

நீ போனை எடுக்கப்போவதில்லை என்று புரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதம் ஆனது. எடுத்த இரண்டு தடவையும் "சாப்பிட்டியா" என்றாய். நான் "ம்" என்றேன். "சரி, வெச்சிடறேன்" என்றாய். அதனால் கடிதம். இதையும் பிரிக்காமல் மேசை டிராயரில் போட்டுவிடலாம் என்று நினைப்பாய். ஆனால் மருந்து டப்பாவுக்குள் வருகிற பொடி எழுத்துத் தாளையே மடிப்புப் பிரித்துப் படிக்கிறவள் நீ. இதையும் படிப்பாய்.

விடுதியில் என் அறை மூன்றாம் மாடியில், படிக்கட்டு முடிகிற இடத்தில் இருக்கிறது. யார் மேலே ஏறி வந்தாலும் என் கதவைத் தட்டத்தான் வருகிறார்கள் என்று தோன்றும். கடைசிப் படியில் வலது பக்கம் திரும்பிப் போய்விடுவார்கள். என்னோடு தங்கியிருந்த புல்லாங்குழல்காரி டிசம்பரோடு படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மெத்தையையும் எடுத்துப் போய்விட்டாள். அவள் கட்டிலின் இரும்புப் பட்டைமேல் என் துணிகளை அடுக்கி வைத்திருக்கிறேன், ஆள் இருக்கிற மாதிரி இருக்கட்டும் என்று.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே முதல் வருடம் எல்லோருக்கும் பொதுப் பாடம். இரண்டாம் வருடத்திலிருந்து ஒரு பிரிவை எடுத்தாக வேண்டும். மே பதினைந்துக்குள் விருப்பப் படிவம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே தாள், ஆறு கட்டம். தனிக்குரல். வாத்தியம். இசையமைப்பு. இசைக் கல்வி, அதாவது பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் ஆவது. ஒலிப்பதிவு. ஆறாவதாக, இணைக்குரல், அதாவது இருவர் சேர்ந்து பாடுவது. அந்த வரியில் மட்டும் இரண்டு பெயர் எழுத இடம் இருக்கிறது. இருவரும் இந்தக் கல்லூரி மாணவர்களாக இருக்க வேண்டும் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது.

அலுவலகத்தில் போய்க் கேட்டேன். உன் விண்ணப்பத்தை அவர்கள் தூக்கிப் போடவில்லை. நாம் அனுப்பிய ஒலிப்பதிவில் நீ தேறியது தேறியதுதானாம், இரண்டு வருடம் வரைக்கும் செல்லும். நேர்காணலுக்கு மட்டும் வந்தால் போதும். ஜூலையில் சேர்ந்து, விட்டுப்போன பாடங்களைக் கூடவே முடித்துக்கொள்ளலாம். எழுத்தர் நல்ல மனுஷி. "உங்க அக்காவ வரச் சொல்லுங்க" என்றார், ஏதோ பக்கத்துத் தெருவிலிருந்து வரப்போகிற மாதிரி.

குரல் வகுப்பு ஆசிரியை போன வாரம் என்னைப் பாதியில் நிறுத்தினார். "நீ பாடறப்போ பக்கத்துல யாருக்கோ இடம் விட்டு நிக்கற. யாரு அது?" என்று கேட்டார். என் அக்கா என்றேன். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "வருவாங்களா?" என்றார். வருவாள் என்று சொல்லிவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்றைக்கு நேர்காணல் வராந்தாவில், என் வரிசை எண் இருபத்து மூன்று, உன்னுடையது இருபத்து நான்கு. "தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்" என்றாய். இருவரையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். நான் ஒருத்தி எழுந்து போனேன். குரல் நடுங்கியதை உணர்ச்சி என்று நினைத்து சீட் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்தால் நீ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய். ஏன் என்று நான் கத்தியதற்கு இன்றுவரை நீ பதில் சொல்லவில்லை.

தண்ணீர் குடித்தாயா, இல்லையா?

சுண்டு


பிப்ரவரி 21

சுண்டுவுக்கு,

கடிதம் வந்தது. படித்தேன்.

இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது. குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. நானே வாஷர் மாற்றினேன், இப்போது முன்னைவிட அதிகமாக ஒழுகுகிறது. எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் புது மெஷின் வந்திருக்கிறது. சட்டத்தின் அளவை அதுவே எடுத்துக்கொண்டு கண்ணாடியை வெட்டிவிடும், ஓரத்தைத் தேய்த்து உட்கார வைப்பது மட்டும் என் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது ஜோடி. முதலாளி என்னைப் பட்டறைக்குப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார். பட்டறையில் என்னைத் தவிர இன்னும் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார், அதுவும் காது கேட்காதவர். நன்றாக இருக்கிறது.

படிப்பு விஷயம் எனக்கு என்ன தெரியும். எதைப் படித்தால் வேலை நிச்சயமோ அதை எடு. பாட்டு டீச்சர் வேலை நல்ல வேலை. சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

சித்தி வந்திருந்தாள். உன்னைக் கேட்டாள். உன் நீலப் போர்வையைத் துவைத்து அனுப்பியிருக்கிறேன். அங்கே குளிர் என்று வானிலை அறிக்கையில் சொன்னார்கள்.

தண்ணீர் குடித்தேன்.

அக்கா


மார்ச் 4

அக்கா,

போர்வை வந்தது. அதற்குள் ஒரு சீட்டாவது இருக்கும் என்று உதறிப் பார்த்தேன். பூச்சி உருண்டைதான் விழுந்தது.

பாட்டு டீச்சர். ஐந்து பிரிவையும் ஒவ்வொரு நாள் போய்ப் பார்க்கச் சொன்னார்கள், சிலதைப் பார்த்துவிட்டேன். இசையமைப்பு வகுப்பில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. எல்லோரும் காதில் ஏதாவது மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரை முறைக்கிறார்கள். ஒலிப்பதிவுக்காரர்கள் தங்களுக்குள் சிரித்துச் சிரித்துப் பேசுகிறார்கள், ஆனால் ஒயர்களைப் பற்றித்தான். வாத்தியத்துக்கு வாத்தியம் வேண்டும். எனக்கு இருந்த ஒரே வாத்தியம் நீ.

சாப்பாட்டுக் கூடத்தில் எனக்கென்று ஓர் இடம் இருக்கிறது, கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். தொட்டிக்கு வருகிறவர்கள் கை உதறும்போது என்மேல் தெளிக்கும். "சாரி" என்பார்கள். சில நாளில் என்னிடம் யாராவது சொல்கிற ஒரே வார்த்தை அதுதான்.

உனக்கு ஒரு விஷயம் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. பயிற்சி அறைகளுக்கு நடுவே பலகைத் தடுப்புதான். பதினான்காம் அறை எனக்கு. பதினைந்தில் இரண்டாம் வருடத் தனிக்குரல் பெண் ஒருத்தி தினமும் நான்கு மணிக்கு வருவாள். நல்ல குரல், கொஞ்சம் அவசரக் குரல். ஜனவரியிலிருந்து அவள் பாடும்போது நான் இந்தப் பக்கம் சுவரோரம் நின்று, வீட்டில் உனக்குக் கீழே துணையாகப் பாடுவேனே, அந்த இரண்டாம் குரலைப் பாடிக்கொண்டிருந்தேன், மெதுவாக, மூச்சளவுக்கு. ஒரு மாதத்துக்கும் மேல். அவள் எங்கே இழுப்பாள், எங்கே மூச்சு வாங்குவாள் எல்லாம் எனக்கு அத்துப்படி. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் காலையில் எழுந்திருந்தேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய்.

போன திங்கட்கிழமை அவள் அலுவலகத்தில் புகார் சொல்லியிருக்கிறாள். "யாரோ கூடவே பாடறாங்க மேடம், பயமா இருக்கு" என்று. ஆளைத் தேடிக்கொண்டு வந்தார்கள். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அவளுக்கு வேறு கட்டிடத்தில் அறை கொடுத்துவிட்டார்கள். இப்போது பதினைந்தில் ஒரு ட்ரம்பெட்காரன்.

நீ இருந்திருந்தால் இதற்கு நீ எப்படிச் சிரித்திருப்பாய் என்று நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

சித்தி எனக்கும் போன் செய்தாள். "உனக்காகத்தான் அவ விட்டுக்கொடுத்தா, ரெண்டு பேர்ல ஒருத்திக்குத்தான் சீட்டுன்னு பயந்து ஒதுங்கிக்கிட்டா, அம்மா மாதிரி அவளுக்கும் மனசு" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் தியாகம் எனக்கு வேண்டாம் அக்கா. யார் கேட்டார்கள்? அம்மா சொன்னது உனக்கு மறந்துவிட்டதா? "ரெண்டு பேரும் சேர்ந்தாதான் ஒரு ஆளு." அரை ஆளாக இங்கே உட்கார்ந்துகொண்டு உன் தியாகத்தை வைத்து நான் என்ன செய்வது?

படிவத்தில் ஆறாவது கட்டத்தில் குறி போட்டு, இரண்டு பெயரையும் எழுதிவிட்டேன். பேனாவில். இன்னும் கொடுக்கவில்லை.

சுண்டு


மார்ச் 20

சுண்டு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் சுற்றினேன். போனில் பேசினால் உன் குரலைக் கேட்டு எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொல்லிவிடுவேன். அதற்குப் பயந்துதான் நான் போனை எடுப்பதில்லை. இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

சித்தி சொல்வது பொய். நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

எனக்குப் பாடப் பிடிக்காது.

எழுதிவிட்டு எழுந்து போய்க் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். வெறுப்பு என்று நினைக்காதே. சிலருக்கு நன்றாக நீந்த வரும், ஆனால் தண்ணீரில் இறங்கவே பிடிக்காது. அப்படித்தான். எனக்கு நன்றாக வரும் என்பதுதான் வினையாகப் போய்விட்டது. வராமல் இருந்திருந்தால் அம்மா என்னை விட்டிருப்பாள்.

உனக்கு ஏழு வயது, எனக்குப் பதின்மூன்று. அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்திலிருந்து நாலரைக்கு வருவாள், ஐந்து மணிக்கு நாம் சமையலறையில் நிற்க வேண்டும். அங்கே சுவரெல்லாம் ஓடு, குரல் எடுக்கும் என்று. கரண்டியால் மேடையில் தாளம் போடுவாள். நீ ஓடி வந்து நிற்பாய். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஏழு மணிக்கு முடியும்போது நீ "இன்னொண்ணு" என்பாய். அப்போது உன்னை அடிக்கலாம் போல இருக்கும். ஒரு நாள்கூட அதை நான் காட்டவில்லை. அப்பா இல்லாத வீட்டில் அம்மாவுக்கு இருந்த ஒரே சந்தோஷம் அந்த இரண்டு மணி நேரம். அதில் எப்படி நான் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்வேன்? பிடிக்கிறதா என்று அவளும் கேட்டதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பாதியில் நிறுத்தினால் இனி எழுத மாட்டேன். அம்மா போன பிறகு, வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிப்போன அன்று, நீ அழுது அழுது தூங்கிவிட்டாய். ஐந்து மணி ஆயிற்று. கரண்டிச் சத்தம் இல்லை. நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். சித்தி வந்து தலையைத் தடவி, "அழுதுடு, மனசுல வெச்சுக்காதே" என்றாள். துக்கம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த அழுகையில் பாதி, இனி யாரும் கூப்பிடமாட்டார்கள் என்கிற நிம்மதி. இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று என்மேலேயே எனக்கு அருவருப்பு.

நேர்காணலுக்கு வந்தது உனக்காக. வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். உள்ளே இருபத்து இரண்டாம் எண் பையன் பாடிக்கொண்டிருந்தான். ஒரு இடத்தில் அவனுக்குக் குரல் உடைந்தது. திரும்ப அதே இடத்தைப் பிடித்தான், அவ்வளவு ஆசையோடு. கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இவ்வளவு ஆசை இருக்கிறவன் உட்கார வேண்டிய நாற்காலியில் நான் நான்கு வருடம் உட்காரப்போகிறேனா என்று தோன்றியது. வராவிட்டால் யார் திட்டுவார்கள் என்று யோசித்தேன். யாரும் இல்லை. அது வரைக்கும் அந்தக் கேள்வியே எனக்கு வந்ததில்லை.

தண்ணீர்க் குழாய் வெளி கேட் பக்கத்தில் இருந்தது. குடித்தேன். கேட் திறந்திருந்தது. பஸ் நின்றிருந்தது.

மூன்று நிறுத்தம் வரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே போனேன். நான்காவது நிறுத்தத்தில், நீ தனியாக உள்ளே போயிருப்பாய் என்று உறைத்தது. இறங்கித் திரும்பியிருக்கலாம். இறங்கவில்லை.

கடையில் யாரும் சுருதி குறைந்ததா என்று கேட்பதில்லை. கண்ணாடி சட்டத்தில் டக்கென்று உட்கார்ந்தால் முடிந்தது வேலை. எனக்கு அது பிடித்திருக்கிறது. முப்பது வயதை நெருங்கும்போதுதான் எனக்கு ஒன்று பிடித்திருக்கிறது.

என் பெயரை அடித்துவிடு.

அக்கா


மார்ச் 27

அக்கா,

பதினான்கு வருடம், தினமும் இரண்டு மணி நேரம். நான் யாரோடு பாடிக்கொண்டிருந்தேன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சித்தி சொன்ன தியாகமே தேவலை. அதிலாவது நீ இருந்தாய்.

பெயரை அடித்துவிட்டேன். இனி எழுதாதே.


ஏப்ரல் 13

சுண்டு,

எழுதாதே என்றாய். பெரியவள் என்கிற உரிமையில் ஒரு தடவை மீறுகிறேன். பதில் எதிர்பார்க்கவில்லை.

நீ போன புதிதில் வீட்டு அமைதி எனக்கு விருந்தாக இருந்தது. வேலை விட்டு வந்து, செருப்பைக் கழற்றிப்போட்டு, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பேன். ஒரு மாதம் போயிற்று. பிறகு ரேடியோவில் செய்தி வைக்க ஆரம்பித்தேன். பாட்டு வந்தால் நிறுத்திவிட்டு அடுத்த செய்திக்குக் காத்திருப்பேன். இப்போது உலகத்தில் எங்கே வெள்ளம், எங்கே தேர்தல் என்று என்னைக் கேட்டால் சொல்வேன். கடையில் காது கேட்காத அண்ணனுக்கு எழுதிக் காட்டுகிறேன். போதும் போதும் என்று கையைக் காட்டுகிறார்.

கவுன்டரில் புதிதாகச் சேர்ந்த பெண் வீட்டில் யார் யார் என்று விசாரித்தாள். ஒரு தங்கை என்றேன். என்ன செய்கிறாள் என்றாள். பாட்டுப் படிக்கிறாள் என்றேன். "நீங்களும் பாடுவீங்களா?" என்றாள். பாடமாட்டேன் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன். சரி என்று சொல்லிவிட்டு அவள் பில் புத்தகத்தைத் தேடப் போய்விட்டாள். அவ்வளவுதான். இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இத்தனை வருடம் பயந்தேன் என்றிருந்தது. அப்புறம் அவள் உன்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தாள், உனக்கு என்ன நிறம் பிடிக்கும், சினிமா பார்ப்பாயா, கோபம் வருமா என்று. எனக்கு எதுவும் தெரியவில்லை சுண்டு. நீ எந்த இடத்தில் மூச்சு வாங்குவாய் என்று மட்டும்தான் தெரியும்.

எனக்கு இருக்கிற பயம் அதுதான். பாட்டை எடுத்துவிட்டால் நம் இருவருக்கும் நடுவில் ஒன்றுமே இல்லையோ என்று. நீ யாரோடு பாடினாய் என்று கேட்டிருந்தாய். பாட்டு பிடிக்காத ஒருத்தியோடுதான் பாடினாய். அவளுக்கு உன் பக்கத்தில் நிற்கப் பிடித்திருந்தது. இது இரண்டும் உண்மை. இதைவிட நன்றாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அக்கா


ஏப்ரல் 26

அக்கா,

கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. போகவில்லை. ஆனால் இரண்டு விஷயம் நடந்தது, உன்னைத் தவிர யாரிடம் சொன்னாலும் முதலிலிருந்து விளக்க வேண்டும்.

முதலாவது, தேர்வு. விருப்பமான ஒரு பாட்டைத் தனியாகப் பாட வேண்டும். அந்தப் படகுப் பாட்டைத்தான் எடுத்தேன், நாம் ஒலிப்பதிவு செய்து அனுப்பியதை. மூன்று வாரம் முதல் குரலைப் பழகினேன், உன் குரலை. முன்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பியானோக்காரர் ஆரம்பித்தார். வாயைத் திறந்தேன், இரண்டாம் குரல் வந்தது. நிறுத்த முடியவில்லை. பியானோக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு வாசித்துக்கொண்டே இருந்தார். நடுவில் முதல் குரல் மட்டும் போகிற இடம் வருமே, அங்கே எட்டுத் தாள அடி நான் சும்மா நின்றேன். அந்த எட்டு அடியில் மூன்று பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். பிறகு என் முறை வந்ததும் பாடி முடித்தேன்.

நடுவில் இருந்த பெரியவர் கேட்டார், "இது பாட்டோட பாதி மாதிரியில்ல இருக்கு. மீதிப் பாதி எங்கம்மா?"

"வேலைக்குப் போயிருக்கு சார்" என்றேன். எப்படி வந்ததென்று தெரியவில்லை. பியானோக்காரர் மட்டும் சிரித்தார். தேறிவிட்டேன், மயிரிழையில்.

இரண்டாவது, இசைக் கல்விப் பிரிவுக்கான நாள். ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். முப்பது குழந்தைகளுக்கு நான் ஒரு பாட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எல்லாம் தொண்டை கிழியக் கத்தின. மூன்றாவது வரிசையில் ஒரு பெண், எட்டு வயது இருக்கும். வாய் எல்லோரோடும் சேர்ந்து அசைந்தது. அவள் பக்கத்தில் போய் நின்றேன். சத்தமே வரவில்லை. அவ்வளவு ஒழுங்காக அசைத்தாள், ஒரு எழுத்து பிசகவில்லை. என்னைப் பார்த்ததும் இன்னும் கவனமாக அசைத்தாள்.

அம்மாவாக இருந்தால் என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் செய்யப்போனேன். கை தூக்கிவிட்டேன், எல்லோரையும் நிறுத்தச் சொல்லி அவளை மட்டும் பாடச் சொல்ல. அப்போது உன் கடிதம் ஞாபகம் வந்தது. குனிந்து, "உனக்குப் பாடப் பிடிக்கலையா?" என்று அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டேன். பிடிக்கவில்லை என்று தலையாட்டினாள். "அப்ப என்ன பிடிக்கும்?" என்றேன். யோசித்தாள். "கதவு சாத்தறது" என்றாள். வெளியே சத்தம் வருகிறது, கதவைச் சாத்திவிட்டு வா என்று அனுப்பினேன். எவ்வளவு பெருமையாகப் போனாள் தெரியுமா. சாத்திவிட்டு, சாத்தியிருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தாள்.

திரும்பி வரும்போது வண்டியில் கடைசி இருக்கையில் உட்கார்ந்து அழுதேன். பதின்மூன்று வயதில் உன்னிடம் யாராவது குனிந்து கேட்டிருக்க வேண்டும். நான் ஏழு வயதுக்காரி, எனக்குத் தோன்றவில்லை. இருபத்தியொரு வயதில் தோன்றியிருக்கலாம். அப்போதும் தோன்றவில்லை.

அந்தப் பிரிவை எடுக்கப்போவதில்லை. முப்பது பேர் கத்தினால் எனக்குத் தலைவலி வருகிறது. எதை எடுப்பது என்று தெரியவில்லை. படிவத்தில் ஒரு கட்டத்தில் அடித்தல் திருத்தல், மீதி ஐந்தும் காலி.

எனக்குப் பிடித்த நிறம் சாம்பல். கோபம் வரும், அது உனக்கே தெரியும்.

சுண்டு


மே 3

சுண்டு,

பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். காலை வண்டி, பதினொன்றுக்கு அங்கே இருப்பேன். மதிய வண்டியிலேயே திரும்ப வேண்டும், திங்கட்கிழமை வேலை.

பாட வரவில்லை. சும்மா வருகிறேன். என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாவிட்டால் உட்கார்ந்திருப்போம்.

அக்கா


மே 14

அக்கா,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாகப் போனில் அனுப்பிய தகவலுக்கு அடியில் நான் ஒன்றும் எழுதாமல் விட்டது கோபத்தால் இல்லை. யோசிக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கேன்டீன் பூட்டியிருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சைக்கிள் நிறுத்துமிடத்துச் சிமென்ட் பெஞ்சில் உன்னை மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டேன். குழாய், சித்தியின் முழங்கால், ரேடியோச் செய்தி, என் அறைக் கதவு. எல்லாம் முதல் அரை மணியிலேயே தீர்ந்துவிட்டது. அப்புறம் நீ செருப்பு வாரைச் சரிசெய்தாய், நான் நகத்தைப் பார்த்தேன். பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால், ஏதோ வண்டிக்குக் காத்திருக்கிற முன்பின் தெரியாத இரண்டு பேர் என்றுதான் நினைத்திருப்பார்கள். எனக்கு உள்ளுக்குள் திகிலாக இருந்தது. நீ எழுதியது சரிதானோ, நடுவில் ஒன்றுமே இல்லையோ என்று.

அப்போதுதான் நீ, "ஏன் கண்ணைச் சுருக்கற? அந்த போர்டைப் படி" என்றாய். நான் படித்தேன். "அதுக்குக் கீழ?" என்றாய். கீழே எழுத்து இருப்பதே எனக்குத் தெரியவில்லை. நீ என் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒரு கண்ணை மூடச் சொல்லி, இன்னொரு கண்ணை மூடச் சொல்லி, பத்து அடி தள்ளிப் போய் விரலைக் காட்டினாய். அதிகாரம் பறந்தது. உன்னை நான் அப்படிப் பார்த்ததே இல்லை அக்கா. சமையலறையில் என் பக்கத்தில் நின்றவள் எப்போதும் கொஞ்சம் தூக்கத்தில் இருக்கிற மாதிரி இருப்பாள். இங்கே நின்றது வேறு ஆள். அவளை எனக்குப் பிடித்தது. அவளை எனக்கு அவ்வளவாகத் தெரியாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

டாக்டரிடம் போய்ப் பவர் எழுதி வாங்கிவிட்டேன். சீட்டு இதோடு இருக்கிறது. நீ சொன்ன மாதிரியே இரண்டு கண்ணும் வேறு வேறு. சட்டத்தை நீயே பார்த்து எடு. சாம்பல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

வண்டிப் படியில் காலை வைத்துவிட்டு, திரும்பி, "சுண்டு, உனக்குப் பாட்டு பிடிக்குமா?" என்று கேட்டாய். நடத்துநர் விசில் கொடுத்துவிட்டார். நான் வாயைத் திறந்து நின்றேன். வண்டி வளைவில் திரும்பிய பிறகும் அப்படியே நின்றேன். என்னிடமும் யாரும் அதைக் கேட்டதில்லை. ஐந்து மணி ஆனால் ஓடி வருவேன், ஆனால் எதற்கு ஓடி வந்தேன்? பாட்டுக்கா, உனக்கா, அம்மா முகத்துக்கா?

திரும்பி நடந்து வந்து, நேராகப் பயிற்சி அறைக் கட்டிடத்துக்குப் போனேன். மதியத்துக்குமேல் ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு ஈ, காக்கை கிடையாது. எல்லா அறைக் கதவும் திறந்து கிடந்தது. ஏதோ ஒன்றில் நுழைந்து, படகுப் பாட்டை முதல் குரலில் எடுத்தேன். இரண்டு தடவை தடம் மாறினேன். மூன்றாவது தடவை பாட்டு என்னை இழுத்துக்கொண்டு போனது. அந்த எட்டு அடியையும் பாடினேன். அது அவ்வளவு உயரம் போகும் என்று இத்தனை வருடம் பக்கத்தில் நின்றும் எனக்குத் தெரியவில்லை. முடிந்ததும் உட்காராமல் இன்னொரு தடவை பாடினேன். அப்புறம் வேறொன்று, அப்புறம் வேறொன்று. வெளியே வந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது.

படிக்கட்டில் இறங்கும்போதுதான் உறைத்தது. அத்தனை நேரத்தில் உன்னை ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

இன்று காலை படிவத்தைக் கொடுத்துவிட்டேன். அடித்தல் திருத்தல் இருந்ததால் எழுத்தர் புதுத் தாள் கொடுத்தார். தனிக்குரல் என்ற கட்டத்தில் குறி போட்டு, கீழே கையெழுத்துப் போட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில். பிடிக்கும் அக்கா. நீ இல்லாமலும் பிடிக்கிறது. இதை உன்னிடம் சொல்லிவிட்டு எப்படி இருப்பது என்று இனிமேல்தான் நான் பழக வேண்டும்.

சுண்டு